சைபர் டிகிரியும் சைக்கிள் டயரும்

'ஆணி' என்றதும் ஆபீஸ் வேலை ஞாபகம் வருகிறவர்கள் மன்னிக்கவும். இது நிஜ ஆணி. சைக்கிள் டயரில் வரிசையாகப் பதித்து வைத்திருக்கும் ஆணி!

டயரில் ஆணி ஏறினால் பஞ்சர் கடையைத் தேடி உருட்டிக்கொண்டு போகிற ஊர்க்காரர்களுக்கு இது வினோதமாகத்தான் இருக்கும். ஆனால் உலகத்தின் வடக்குக் கோடியில் இருப்பவர்கள் காசு கொடுத்து, ஆணிகளை எண்ணிப் பார்த்து, "இதில் 106, அதில் 240" என்று ஒப்பிட்டு டயர் வாங்குகிறார்கள். அது எதற்கு, எப்படித் தேர்ந்தெடுப்பது, அந்தக் காசுக்கு அது பெறுமா என்பதுதான் இந்தக் கட்டுரை. கடைசியில் கொஞ்சம் காமர்ஸ் கணக்கும் உண்டு. பயப்பட வேண்டாம், கூட்டல் வகுத்தல் மட்டும்தான்.

இடம் பின்லாந்து. ஊர் ஓலு. ஆர்க்டிக் வட்டத்துக்குச் சுமார் 170 கிலோமீட்டர் தெற்கே, கடலோரத்தில் இருக்கும் நகரம். ஜனத்தொகை 2 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். டிசம்பர் கடைசியில் பகல் வெளிச்சம் மூன்றரை மணி நேரம்தான். இந்த ஊரில் குளிர்காலத்திலும் ஜனங்கள் சைக்கிளில் போகிறார்கள். குழந்தைகள் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள், பாட்டிமார்கள் கடைக்குப் போகிறார்கள். குளிர்கால சைக்கிள் ஓட்டத்துக்கென்றே நடக்கும் சர்வதேச மாநாடு முதன்முதலில் 2013-ல் கூடியது இந்த ஊரில்தான்.

ஆக, ஆணி டயரைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. ஒரு சுவாரசியமும் இருக்கிறது. இந்த ஊரில் சைக்கிள் ஓட்டுகிற பலர் ஆணி டயர் போடுவதே இல்லை! அது ஏன் என்பதற்குப் பிறகு வருவோம்.

முதலில் ஒரு நோக்கியா கதை

பின்னிஷ் மொழியில் டயரில் பதிக்கும் இந்த ஆணிக்கு 'நாஸ்தா' என்று பெயர். (காலையில் இட்லி, பொங்கல் சாப்பிடும் 'நாஷ்டா' இல்லை. அது வேறு டிபார்ட்மென்ட்.) நாஸ்தா பதித்த டயர் 'நாஸ்தாரெங்கஸ்'.

நோக்கியா என்றால் நமக்கு போன். ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் தொடங்கி 2014-ல் மூடப்பட்ட போன் தொழிற்சாலை. ஆனால் நோக்கியா என்பது முதலில் ஓர் ஊரின் பெயர். பின்லாந்தின் தெற்குப் பக்கம், ஆற்றங்கரையில் இருக்கும் சிறு நகரம். 1898-ல் ஆரம்பித்த ஒரு ரப்பர் கம்பெனி, சில வருடங்களில் அந்த ஊருக்குக் குடிபெயர்ந்தது. ரப்பர் செருப்பு, பூட்ஸில் தொடங்கி 1920-களில் சைக்கிள் டயர், 1930-களில் கார் டயர் என்று போனார்கள். 1934-ல் பனிக்கால லாரி டயர் செய்தார்கள். 1936-ல் வந்த கார் டயருக்கு 'ஹாக்காபெலீத்தா' என்று பெயர் வைத்தார்கள். பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் நடந்த முப்பது வருடப் போரில் சண்டை போட்ட பின்லாந்துக் குதிரை வீரர்களின் பெயர் அது. "வெட்டித் தள்ளு" என்பது போன்ற அவர்களுடைய போர்க் கூச்சலிலிருந்து வந்தது.

1967-ல் காகிதம், ரப்பர், கேபிள் கம்பெனிகள் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து நோக்கியா என்ற பெரிய நிறுவனம் ஆயின. 1988-ல் டயர் பிரிவு தனிக் கம்பெனியாகப் பிரிந்தது. போன் உலகத்தையே ஆண்டுவிட்டு இறங்கிப்போனது. டயர் இன்னமும் உருண்டுகொண்டிருக்கிறது.

இந்த ஹாக்காபெலீத்தா பெயரிலேயே சைக்கிளுக்கும் ஆணி டயர்கள் வந்தன. டபிள்யூ106, டபிள்யூ240 என்று மாடல் பெயர்கள். அந்த எண் என்னவென்று மூளையைக் கசக்க வேண்டாம். டயரில் எத்தனை ஆணி இருக்கிறதோ அதுதான் எண்!

குளிர் வில்லன் இல்லை

சரி, மேட்டருக்கு வருவோம்.

பனி என்றால் நமக்கு மார்கழி மாதம் காலையில் புல்லில் நிற்கும் பனித்துளி. அந்த ஊரில் அதற்குப் பல ரூபம். இந்தக் கட்டுரைக்கு இரண்டு போதும். வானத்திலிருந்து பஞ்சு மாதிரி விழுவது பனி. தரையில் கண்ணாடி மாதிரி உறைந்து கிடப்பது ஐஸ். இரண்டும் தண்ணீர்தான். ஆனால் சைக்கிள்காரருக்கு இரண்டும் வேறு வேறு ரோடு.

'மைனஸ் 20 டிகிரி' என்று கேட்டாலே நமக்குப் பல் கிட்டும். அந்தக் குளிரில் எல்லாம் கல்லாக உறைந்து, ரோடு பயங்கரமாக வழுக்கும் என்றுதான் நினைப்போம். நிஜம் தலைகீழ். கடுங்குளிரில் இறுகிப்போன பனி காய்ந்த மணல் பாதை மாதிரி இருக்கும். மிதித்தால் 'கிறீச் கிறீச்' என்று சத்தம் போடும். ரப்பர் ஓரளவு பிடித்துக்கொள்ளும். ஐஸ்கூட அந்தக் குளிரில் அவ்வளவு மோசமில்லை.

மோசமானது சைபர் டிகிரி. பனிக்கட்டியின் மேற்பரப்பில் இருக்கும் மூலக்கூறுகள் உள்ளே இருப்பவை மாதிரி இறுக்கமாகக் கட்டுண்டு கிடப்பதில்லை. அதனால் மேலே மெல்லிய, பாதித் திரவம் போன்ற ஒரு படலம் எப்போதும் இருக்கிறது. குளிர் குறையக் குறைய அந்தப் படலம் தடிக்கும். சைபரை நெருங்கும்போது நிஜத் தண்ணீரே மேலே நிற்கும். ஈரக் கண்ணாடியில் எண்ணெய் தடவியதற்குச் சமம்.

எண்ணில் பார்த்தால் இன்னும் தெளிவாகப் புரியும். காய்ந்த தார் ரோட்டில் ரப்பரின் உராய்வுக் குணகம் 0.7, 0.8 என்று இருக்கும். ஈர ஐஸில் அது 0.1, சமயத்தில் அதற்கும் கீழே. மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் போகிற சைக்கிளை நிறுத்த, 0.7 என்றால் 2 மீட்டர் போதும். 0.1 என்றால் சுமார் 13 மீட்டர். பிளஸ் டூ பிசிக்ஸ் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் இந்த விடைதான் வரும். அதுவும் சைக்கிள் நேராக நின்றால்தான். இரண்டு சக்கர வண்டி அந்த 13 மீட்டரும் நிமிர்ந்து நின்று வழுக்கிக்கொண்டு போகாது. அதற்கு முன்பே படுத்துவிடும்.

ஆகவே ஓலுவில் ஆபத்தான காலம் நடு ஜனவரி இல்லை. அக்டோபர், நவம்பரில் பகலில் மழை பெய்து ராத்திரியில் உறைகிற நாட்கள். பிறகு மார்ச், ஏப்ரலில் பகல் வெயிலில் பனி உருகி ரோட்டில் ஓடி, ராத்திரியில் மறுபடி உறைகிற நாட்கள். காலை ஏழு மணிக்குப் பார்த்தால் தார் ரோடு ஈரமாக இருக்கிற மாதிரிதான் தெரியும். அது ஈரமில்லை. தாரின் கறுப்பு அப்படியே தெரிகிற மெல்லிய ஐஸ். பின்னிஷ் மொழியில் அதற்குக் 'கறுப்பு ஐஸ்' என்றே பெயர். கண்ணுக்குத் தெரியாத எதிரி என்று சினிமாவில் சொல்வார்களே, அது இதுதான்.

இங்கேதான் டயர் வாங்குகிறவருக்கான முதல் பாடம் இருக்கிறது. குளிர்காலம் என்பது ஐந்தாறு மாதம். அதில் ஆணி உண்மையாகவே தேவைப்படுகிற காலைகள் கொஞ்சம்தான். ஆணி டயரை அந்தக் கொஞ்சம் காலைகளுக்காகத்தான் வாங்குகிறார்கள். மற்ற நாட்களில் அது வெறும் பாரம்.

ஆணி என்ன செய்கிறது?

ரப்பரால் ஐஸைப் பிடிக்க முடியாது. ஆணியால் ஐஸைக் குத்த முடியும். விஷயம் அவ்வளவுதான். ஒரு மில்லிமீட்டர் சொச்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனை, ஓட்டுகிறவர் எடையில் ஐஸுக்குள் இறங்கிக் கீறிப் பிடித்துக்கொள்கிறது.

ஆணியில் இரண்டு ஜாதி. ஒன்று சாதாரண எஃகு. இன்னொன்று முனையில் டங்ஸ்டன் கார்பைடு வைத்தது. லேத் பட்டறைகளில் இரும்பைக் கடைய வைத்திருக்கும் வெட்டுமுனையும் இதே சாமான்தான். எஃகு ஆணி டயர் விலை மலிவு. ஆனால் குளிர்காலத்தில் ரோடு முழுக்க ஐஸாக இருப்பதில்லை. பாதி நாள் வெறும் தாரில்தான் ஓட்ட வேண்டும். எஃகு முனை அதில் சீக்கிரமே மழுங்கிவிடும். ஒரு சீசன் தாண்டினால் அதிசயம். கார்பைடு பல ஆயிரம் கிலோமீட்டர் தாங்கும். பெட்டியில் கார்பைடு என்று போட்டிருக்கிறதா என்று பார்ப்பது, ஆணி எத்தனை என்று பார்ப்பதைவிட முக்கியம்.

அடுத்தது வரிசை. நூறு சொச்சம் ஆணி உள்ள டயர்களில் பெரும்பாலும் இரண்டு வரிசைதான். இருநூறைத் தாண்டினால் நான்கு வரிசை. இரண்டு வரிசை டயர் மட்டமான ஐஸில் நேராகப் போக நன்றாக உழைக்கும், லேசாக உருளும். ஆனால் ஐஸ் எப்போதும் மட்டமாக இருப்பதில்லை. சொதசொதவென்று இருந்த பனியில் கார் ஏறிப் போன தடம் ராத்திரியில் அப்படியே உறைந்தால், மறுநாள் காலை அது தண்டவாளம் மாதிரி பள்ளமும் மேடுமாக இருக்கும். சக்கரம் அந்தப் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது டயரின் நடுப்பகுதி தரையைத் தொடாது. ஓரம்தான் தொடும். ஓரத்தில் ஆணி இல்லையென்றால் கதை முடிந்தது. அப்படிப்பட்ட தெருவில் இருப்பவர்களுக்கு நான்கு வரிசைதான் சரி. காட்டுப் பாதை, உறைந்த ஏரி என்று போகிற சாகசக்காரர்களுக்கு முந்நூறு, நானூறு ஆணி டயர்களும் இருக்கின்றன. தினமும் காலேஜுக்குப் போகிறவர்களுக்கு அது அநாவசியம்.

ஆணியால் முடியாததும் உண்டு. கணுக்கால் ஆழத்துக்குப் புதுப்பனி விழுந்தால் குத்திப் பிடிக்க அங்கே கெட்டியாக எதுவும் இல்லை. அங்கே டயரின் அகலமும் கட்டைகளின் ஆழமும்தான் உதவும். வண்டிகள் கிண்டிக் கிண்டி நாட்டுச் சர்க்கரை மாதிரி உதிரியாகக் கிடக்கும் பனியில் எந்த டயரும் ஆடத்தான் செய்யும். வழவழப்பான கல் தரையிலும் இரும்பு மூடியிலும் ஆணி டயர் சாதா டயரைவிட அதிகமாக வழுக்கும். ஆணி போட்டுவிட்டோம், இனி ராஜா நான்தான் என்று நினைக்கிறவர்கள் விழுவது இந்த மாதிரி இடங்களில்தான்.

காற்று விஷயமும் ஒன்று உண்டு. நான்கு வரிசை டயர்கள் சிலவற்றில் காற்றை நிறைய அடித்தால் டயர் உருண்டு நின்று ஓரத்து ஆணிகள் அவ்வளவாகத் தரையைத் தொடாது. வண்டி லேசாக ஓடும். கொஞ்சம் காற்றை இறக்கினால் டயர் பரந்து உட்காரும், ஓரத்து ஆணிகளும் வேலைக்கு வரும். வெறும் தாருக்கு அதிகக் காற்று, ஐஸுக்குக் குறைந்த காற்று. ஒரே டயரில் இரண்டு டயர்! எவ்வளவு இறக்கலாம் என்பதற்கு எல்லை டயரின் பக்கவாட்டிலேயே அச்சடித்திருக்கும்.

முன் சக்கரமா, பின் சக்கரமா?

கையில் காசு குறைவு, ஒரு டயர்தான் வாங்க முடியும் என்றால் எந்தச் சக்கரத்துக்குப் போடுவது?

மிதிக்கிற சக்தி பின் சக்கரத்துக்குத்தானே போகிறது, அதற்குத்தான் பிடிப்பு வேண்டும் என்று தோன்றும். தோன்றுவது தப்பு. பின் சக்கரம் வழுக்கினால் வண்டியின் பின்பக்கம் ஆடும். பயமாக இருக்கும், ஆனால் சுதாரிக்க ஒரு கணம் கிடைக்கும். காலை ஊன்றலாம். முன் சக்கரம் வழுக்கினால் அந்த ஒரு கணம் கிடைக்காது. ஹேண்டில் பார் ஒரு பக்கம் மடங்கும், உடம்பு இன்னொரு பக்கம் போகும். விழுகிற மனிதன் தன்னிச்சையாகக் கையை நீட்டுவான். முழு எடையும் மணிக்கட்டில் இறங்கும். கொஞ்சம் வயதானவர் என்றால் இடுப்பில்.

அதனால் ஒன்றுதான் என்றால் முன்னால். இரண்டு மலிவு டயரைவிட முன்னால் ஒரு நல்ல டயர் மேல்.

ஒரு மாணவியின் பட்ஜெட்

இப்போது அந்தக் காமர்ஸ் கணக்கு.

ஓலு பல்கலைக்கழகத்தில் படிக்கப் போன ஒரு மாணவியை வைத்துக்கொள்வோம். வெயில் தேசத்துக்காரி. ஆற்றுக்கு வடக்கே துய்ராவில் ஒரு ரூம். அங்கிருந்து லின்னன்மா வளாகத்துக்கு சைக்கிளில் கால் மணி, இருபது நிமிடம். யாரோ விற்றுவிட்டுப் போன பழைய சைக்கிள். சாயங்காலங்களில் ஆபீஸ்களைச் சுத்தம் செய்யும் பார்ட் டைம் வேலை. வாடகை அதிலிருந்துதான் போகிறது. டயருக்கு என்று அவளால் ஒதுக்க முடிவது 80 யூரோ.

அவள் முன்னால் நான்கு வழி இருக்கிறது.

முதல் வழி, இரண்டு மலிவான எஃகு ஆணி டயர். இரண்டு சக்கரத்துக்கும் ஆயிற்று. ஆனால் அக்டோபரில் போட்டது மார்ச்சில், அதாவது ரொம்பத் தேவையான இரண்டாவது கட்டத்தில், மொட்டையாகி நிற்கும்.

இரண்டாவது வழி, பழைய டயரில் உள்ளேயிருந்து ஸ்க்ரூ ஏற்றி, தலைப்பகுதி டியூபைக் கிழிக்காமல் இருக்கப் பழைய டியூபை வெட்டி நடுவில் வைப்பது. செலவு கொஞ்சம்தான். உறைந்த ஏரியில் விளையாட இதைச் செய்கிறவர்கள் உண்டு. தாரில் ஸ்க்ரூ முனை சீக்கிரம் தேய்ந்துவிடும். ஒரு ஸ்க்ரூ உள்ளே நழுவினால் மைனஸ் பத்தில் உட்கார்ந்து பஞ்சர் ஒட்ட வேண்டும். கையுறையைக் கழற்றாமல் பஞ்சர் ஒட்டிய மனிதர் இன்னும் பிறக்கவில்லை.

மூன்றாவது வழி, ஆணியே இல்லாத பனிக்கால டயர். குளிரில் விறைத்துப் போகாத மென்மையான ரப்பர், நிறைய வெட்டுகள். இறுகிய பனிக்கு நல்ல டயர். ஈர ஐஸுக்கு உதவாது.

நான்காவது வழி, முன்னால் மட்டும் ஒரு நல்ல கார்பைடு ஆணி டயர். விலை 70 யூரோ என்று வைத்துக்கொள்வோம்.

தேய்மானம் என்ற அத்தியாயத்தை நாமெல்லாம் பரீட்சைக்காகப் படித்திருப்போம். இங்கே அது நிஜமாகவே தேய்கிறது! நேர்கோட்டு முறையில் போடுவோம். 70 யூரோ டயர், ஆயுள் 4 குளிர்காலம், இறுதி மதிப்பு பூஜ்யம். ஒரு வருடத்துக்கு 17.50 யூரோ. ஒரு குளிர்காலத்தில் ஆணி உண்மையாகத் தேவைப்படும் காலைகள் பத்துதான் என்று ரொம்பக் குறைத்தே வைத்துக்கொண்டாலும், ஒரு காலைக்கு 1.75 யூரோ.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கத்தில் எழுத வேண்டியது மணிக்கட்டு. எலும்பு முறிந்தால் கட்டு ஆறு வாரம். ஒற்றைக் கையால் தரை துடைக்க முடியாது. ஆறு வாரச் சம்பளம் போச்சு. பரீட்சையில் எழுதும் கை அதுவாக இருந்தால் அதுவும் போச்சு. சமைக்க, துணி மாற்ற, ஒரு பாட்டிலைத் திறக்க, எல்லாவற்றுக்கும் பக்கத்து ரூம்காரரைக் கூப்பிட வேண்டும். வீட்டுக்கு போன் பண்ணும்போது கேமராவில் கட்டு தெரியாமல் உட்கார வேண்டும். இதெல்லாம் எந்தப் பேரேட்டிலும் வராத செலவு.

இப்படிப் பார்த்தால் ஆணி டயர் ஒரு இன்ஷூரன்ஸ் பாலிசி மாதிரி. தினமும் கட்டுகிற பிரீமியமும் உண்டு. சாதா டயரைவிட எடை அதிகம், ஒரு டயரே ஒரு கிலோவைத் தொடும். மிதிக்க நோகும். வெறும் தாரில் தாளித்த கடுகு வெடிப்பது மாதிரி 'பட பட'வென்று சத்தம் போட்டுக்கொண்டே வரும். "இன்றைக்கு ரோடு காய்ந்துதானே கிடக்கிறது, எதற்கு இந்த பாரம்?" என்று நூறு நாள் தோன்றும். பாலிசி எடுத்தவர்கள் எல்லோருக்கும் தோன்றுவதுதான். கட்டிய பணம் வீணாயிற்றே என்று சந்தோஷமாக வருத்தப்படுகிற ஒரே செலவு இன்ஷூரன்ஸ்தான்.

அந்த மாணவிக்கு நான்காவது வழிதான் சரி. மீதி 10 யூரோவில் ஒரு விளக்கு வாங்கிக்கொள்ளலாம். மூன்றரை மணி நேரப் பகல் உள்ள ஊரில் அது ஆடம்பரம் இல்லை.

28 என்பது 28 இல்லை

கடைக்குப் போகும் முன் ஒரு எச்சரிக்கை. டயரில் 28 இஞ்ச் என்று போட்டிருந்தால் மட்டும் நம்பக் கூடாது. நம் ஊர்ப் பெரிய சைக்கிளின், அதாவது தாத்தா ஓட்டிய கறுப்பு சைக்கிளின் 28 இஞ்ச் டயருக்கு உள்விட்டம் 635 மில்லிமீட்டர். ஐரோப்பாவில் இன்று பெரும்பாலும் 28 என்று விற்பது 622 மில்லிமீட்டர். ஒன்று மற்றொன்றின் ரிம்மில் உட்காராது. டயரின் பக்கவாட்டில் 40-622 என்பது போல இரண்டு எண் இருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது உள்விட்டம். இரண்டாவது எண் பழைய டயரில் உள்ளதோடு அப்படியே பொருந்த வேண்டும். முதல் எண் கொஞ்சம் கூடலாம். ஆனால் ஃபோர்க்குக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இடம் இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்துவிட்டு வாங்குவது உத்தமம். ஆணியும் சேர்ந்து உயரத்தைக் கூட்டும், நடுவில் பனியும் வந்து அடைத்துக்கொள்ளும்.

அப்புறம் ஏன் பலர் போடுவதில்லை?

இப்போது ஆரம்பத்தில் தொங்கவிட்ட கேள்விக்கு வருவோம். இவ்வளவு நல்லது என்றால் ஓலு ஜனங்களில் பலர் ஏன் சாதா டயரிலேயே ஓட்டுகிறார்கள்?

பதில் டயர் கடையில் இல்லை. நகராட்சியில் இருக்கிறது. ஓலுவில் சைக்கிளுக்கென்று தனித்தடங்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இருக்கின்றன. பனி விழுந்தால் முக்கியத் தடங்களை ஜனங்கள் காலையில் கிளம்புவதற்குள் வண்டி விட்டுத் தள்ளிவிடுகிறார்கள். தார் தெரிகிற வரைக்கும் சுரண்டுவதில்லை. கீழே ஒரு அடுக்குப் பனியை இறுக்கி விட்டு, அதன்மேல் வரி வரியாகக் கீறிச் சொரசொரப்பாக்கி விடுகிறார்கள். தேவைப்பட்ட இடத்தில் பொடிக்கல் தூவுகிறார்கள். ஊர் நடுக்குளிர்காலம் முழுக்க மைனஸிலேயே இருப்பதால் அந்தப் பனி உருகாமல் நிற்கிறது. ஆணியின் வேலையை ரோடே செய்துவிடுகிறது.

தெற்கே தலைநகர் ஹெல்சிங்கியில் கதை வேறு. அங்கே குளிர் குறைவு. ஆனால் சைபரைத் தாண்டித் தாண்டிக் குதிக்கும் நாட்கள் அதிகம். இன்று உருகி நாளை உறையும். அதனால் சில முக்கியத் தடங்களில் துடைத்துவிட்டு உப்புக் கரைசல் தெளிக்கிறார்கள். அந்தத் தடத்தில் மட்டும் போகிறவர் தப்பித்தார். வீட்டு வாசலிலிருந்து அந்தத் தடம் வரைக்கும் உள்ள கடைசி ஐந்நூறு மீட்டர் சந்துக்காக ஆணி போடுகிறவர்களும் உண்டு. குளிர் அதிகமான ஊரில் ஆணி தேவை குறைவு, குளிர் குறைந்த ஊரில் ஆணி தேவை அதிகம். வேடிக்கைதான், ஆனால் சைபர் டிகிரி கதை தெரிந்தவர்களுக்கு ஆச்சரியமில்லை.

ஆணி எல்லோருக்கும் எப்போதும் நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. கார்கள் போட்ட ஆணி டயர்கள் ரோட்டையே அரைத்துத் தூளாக்கும். ஜப்பானின் செந்தாய் நகரத்தில் 1980-களில் அந்தத் தூசியே பெரிய பிரச்சினையாகி, 1990-ல் அங்கே ஆணி டயரைக் கட்டுப்படுத்தும் சட்டமே வந்தது. சைக்கிளின் எடைக்கு அந்தப் பாவம் சேராது. ஆனாலும் ஒரு ஊர் தன் சைக்கிள்காரர்களிடம் "ஆளுக்கொரு ஆணி டயர் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்வதும், ரோட்டை ஒழுங்காக வைத்துக்கொள்வதும் ஒன்றல்ல. முதலாவதில் 70 யூரோ உள்ளவர் தப்பிப்பார். இரண்டாவதில் பத்து வயசுப் பையனும் எழுபது வயசுப் பாட்டியும் தப்பிப்பார்கள். அதே பாட்டி கடையிலிருந்து பையோடு நடந்து வந்தாலும் அந்த ரோட்டில்தான் வர வேண்டும். அவர் காலில் டயர் இல்லை.

ஆகவே ஆணி டயர் வாங்கப் போகிறவர் கடைக்காரரிடம் "எது பெஸ்ட்?" என்று கேட்பதற்கு முன் தனக்குத் தானே மூன்று கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். தன் ஊரில் வெப்பநிலை சைபரைத் தாண்டுகிற காலைகள் எத்தனை? தன் வழியில் பனி தள்ளுவது யார், எத்தனை மணிக்கு? விழுந்தால் தன்னால் எத்தனை நாள் படுத்திருக்க முடியும்? முதல் இரண்டு கேள்விக்கும் அந்த ஊரில் பத்து வருடம் ஓட்டியவர் ஒரு நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவார். மூன்றாவது கேள்விக்கு அவரவர்தான் பதில் சொல்ல வேண்டும். "ஒரு நாள்கூட முடியாது" என்பது பதிலானால், முதல் ஐஸுக்கு முன்னாலேயே முன் சக்கரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவது நல்லது.

பி.கு: புது ஆணி டயரைப் போட்டதும் நேராக ஐஸில் இறங்கிவிடக் கூடாது. முதல் 40, 50 கிலோமீட்டர் தார் ரோட்டில், சடக்கென்று பிரேக் பிடிக்காமல், நிதானமாக ஓட்ட வேண்டும். அப்போதுதான் ஆணிகள் ரப்பருக்குள் நன்றாக உட்காரும். இல்லையென்றால் ஒவ்வொன்றாக உதிர்ந்துவிடும். டயரில் சுழலும் திசைக்கு ஒரு அம்புக்குறி இருக்கும். அடுத்த வருடம் மறுபடி மாட்டும்போதும் அதே திசையில்தான் மாட்ட வேண்டும். அக்டோபரில் ரோடு காய்ந்திருக்கும்போதே டயர் மாற்றச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.